ஏலக்காட்டுக் காவல்

முத்துலிங்கத்தின் வேலை மரக்கன்றுகளை வெட்டுவது. நக்கிள்ஸ் மலைக்காட்டில், பெரிய மரங்களின் நிழலில், திகனையில் கடை வைத்திருந்த முதலாளி ஸெய்னுலாப்தீன் ஏலக்காய்ச் செடி போட்டிருந்தார். ஏலத்துக்கு நிழல் வேண்டும், நெருக்கம் ஆகாது. அதனால் அடியில் முளைக்கிற காட்டுக் கன்றுகளையெல்லாம் முத்துலிங்கம் கத்தியால் சீவித் தள்ளுவார். சனிக்கிழமைகளில் வத்தேகமைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, இறங்குவார். மனைவி சுந்தரியும் கைக்குழந்தை மகளும் அங்கே இருந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், லயத்துக்குத் தீ வைத்தார்கள். தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்து தப்பிய சுந்தரி, "இனி இங்க இருக்க ஏலாதுங்க. வவுனியாவுல அண்ணன்கிட்ட போயிருவோம்" என்றாள்.

"நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு முன்னுக்குப் போ. காய் பறிச்சு முடிஞ்சதும் வந்துர்றேன்."

முடிந்ததும் புறப்பட்டார். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். தோட்டத்து ஆட்கள் பலரையும் போலப் பிரஜாவுரிமை இல்லாதவரிடம் அடையாள அட்டை ஏது? மறியலில், கம்பிக்குள் கிடந்தவரை முதலாளி வந்து பேசித்தான் வெளியே எடுத்தார். பிறகு அந்த வழியே போக அவருக்குத் துணிவு வரவில்லை. காட்டில் ஏலம் வாட்டும் கொட்டிலிலேயே தங்கிவிட்டார்.

சில வருடங்களில் அந்த மலையில் அடிக்காடு வெட்டத் தடை வந்தது.

"ஏலம் முடிஞ்சி, முத்துலிங்கம். திகனைக்கு வா, கடைல வேல ஈக்கி" என்றார் முதலாளி.

"டவுன்ல ஐடி கேப்பாங்க மொதலாளி. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

முதலாளி அரிசியும் உப்பும் கருவாடும் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு பேச்சுத்துணை இல்லை. கன்றுகள் முழங்கால் உயரம் வந்தன, பிறகு இடுப்புயரம். ஆரம்பத்தில் கை தானாகக் கத்தியைத் தேடியது. "சுந்தரி, சோறு பொங்கிட்டேன்" என்று சில நாள் உரக்கச் சொல்லிப் பார்ப்பார், ஒரு மனிதக் குரல் கேட்கட்டுமே என்று.

ஒருநாள் வன இலாகா அதிகாரி அம்பிகைபாகன் ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"இஞ்ச ஒருத்தரும் இருக்கேலாது எண்டு சட்டம். நீர் தனியவோ இருக்கிறீர்?"

முத்துலிங்கம் தலையாட்டினார். அதிகாரி சுற்றிலும் பார்த்தார்.

"இந்தக் கண்டுகளை நீர் வெட்டேல்லையோ?"

"வெட்டச் சொல்லலீங்களே, ஐயா."

அதிகாரி சிரித்துவிட்டார். காட்டோரத்தில் தீக்காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். மழை தவறிய வருடங்களில் கீழே புல்வெளியில் பற்றும் தீ காட்டை நோக்கி ஏறி வரும். முத்துலிங்கம் பச்சைக் கிளைகளை ஒடித்துத் தனியாளாக அடித்து அணைப்பார். ஒருமுறை புருவமெல்லாம் கருகிப் போயிற்று.

பத்தொன்பது வருடம் கழித்து யுத்த நிறுத்தம் வந்து சாவடிகள் தளர்ந்தபோது, அவருக்கும் பிரஜாவுரிமை கிடைத்து, கையில் அடையாள அட்டை இருந்தது. வவுனியாவுக்குப் போனார். நரைத்துப் போயிருந்த சுந்தரி ஒன்றும் ஏசவில்லை.

"வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"அம்மா, அவருக்குத் தேத்தண்ணி குடுங்க" என்றாள் மகள்.

அப்பா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவரும் சில நாள் எதிர்பார்த்திருந்து, பிறகு விட்டுவிட்டார். அந்த வெக்கையில் தூக்கம் பிடிக்கவில்லை.

"பங்குனியில தீ புடிக்கும். போகணும்" என்றார் ஒரு காலையில்.

யாரும் தடுக்கவில்லை. சுந்தரி பஸ்ஸடி வரை வந்தாள்.

"அங்க யாரு சமைக்கிறா?"

"நாந்தான்."

எப்ப வருவீங்க என்று அவள் கேட்கவில்லை. மாத்தளை தாண்டிய பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. வத்தேகமையில் இறங்கி, அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு மலை ஏறினார்.