ரீட்டா அக்காவின் இருமல்

இல்லை. ரீட்டா அக்கா இருமலால் சாகவில்லை. மாரடைப்பு. கல்லறையிலிருந்து திரும்பும்போது உங்களில் பலர் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். அவருக்கு இருமலே கிடையாது. அது என் அப்பாவின் இருமல்.

செய்தி வந்தபோது பேருந்தில் இருந்தேன். அடுகோடி சிக்னல். முதல் மாடி ஸ்டெல்லா அழைத்தாள். "அக்கா கார்மெண்ட்ஸ்லயே விழுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." எனக்கு முதலில் தோன்றியது: வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எங்கே ஒளித்து வைப்பது? ஒரு சாவுச் செய்திக்கு நடுவில் இப்படி யோசிக்க வைத்த அந்த வீட்டின் மேல் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

பெங்களூரு விவேக் நகரில் ஒரே படிக்கட்டு வைத்த வீடு அது. கீழே அக்கா, நடுவில் ஸ்டெல்லா, மேலே நான். என் ஒப்பந்தத்தில் 'ஒருவர் மட்டும்' என்று இருந்தது. கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த அப்பா, நெஞ்சு வைத்தியத்துக்காக என்னோடு தங்க வேண்டி வந்தது. ஓனரிடம் முறையாகக் கேட்டேன். "ஒரு ஆளுக்குன்னுதாம்மா கொடுத்தேன். ஆள் கூடுனா வேற வீடு பாத்துக்கோ." ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம். அப்பாவால் அந்தத் தூரம்தான் நடக்க முடியும். ஓனருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டேன்.

மாதம் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் ஓனர் செக்கிங் வருவார். சுவர், குழாய், சமையலறை. பீரோவைத் திறக்க மாட்டார். அதன் பின்னால் எட்டிப் பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, "டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவே ஆகாது.

வழி கண்டுபிடித்தவர் அக்கா.

"மொதல்ல எங்க வீட்டப் பாக்க விட்டுருவேன். அவரு ஸ்டெல்லா வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் உங்கப்பாவைக் கீழ அனுப்பு."

"மறுபடி உங்க வீட்டுக்கு வந்தா?"

"நாள் முழுக்க சட்டைக்கு செக்கிங் பண்றவ நானு. பாஸான பீஸ எவனும் திரும்பப் பிரிக்க மாட்டான்."

முதல் முறையே அப்பா அவர் சமையலறையில் உட்கார்ந்து இருமிவிட்டார். ஓனர் படியிறங்கிக்கொண்டிருந்தார். அக்கா வாயில் முந்தானையோடு வாசலுக்கு ஓடி, அந்த இருமலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"என்ன ரீட்டாம்மா, இப்படி இருமுறீங்க?"

"எல்லாம் உங்க செவுத்து ஓதம்தான் சார். ஒவ்வொரு மழைக்கும் சொல்லிட்டுத்தான இருக்கேன்."

அடுத்த வாரம் பெயிண்டர் வந்தார். அக்கா அப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, இன்னும் கொஞ்சம் நல்லா இருமுங்க. பாத்ரூமுக்கு டைல்ஸும் போட வெச்சுரலாம்."

அதன்பிறகு அக்கா தெருவிலும் இருமத் தொடங்கினார். பால் கடையில், கோயில் வாசலில். உங்கள் காதில் விழுந்தது அதுதான். "சத்தம் கேட்டா அதுக்கு ஒரு ஆளைக் காட்டிரணும், கண்ணு. காட்டிட்டா அப்புறம் யாரும் தேட மாட்டாங்க" என்பார்.

நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே வர ஓனருக்கு உரிமை இல்லை என்று ஒரு ஞாயிறு காலை விளக்கிக்கொண்டிருந்தேன். "சட்டம் கெடக்கட்டும். அப்பா செருப்ப உள்ள எடுத்து வெச்சியா?" என்றார். வைக்கவில்லை. ஓனர் பார்த்துவிட்டார்.

"ஆம்பள செருப்பு யாருதும்மா?"

நான் வாயைத் திறக்குமுன் கீழிருந்து குரல் வந்தது. "நான்தான் சார் வெக்கச் சொன்னேன்! தனியா இருக்கிற பொண்ணு. வாசல்ல ஒரு ஜோடி கெடந்தா ஒருத்தனும் வாலாட்ட மாட்டான்."

"ஒள்ளேது, ஒள்ளேது" என்று ஓனர் கன்னடத்தில் மெச்சித் தலையாட்டினார். எல்லோரும் பிறகு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் செருப்புக்கு என் வாசலில் இடம் இருந்தது. அப்பாவுக்கு இல்லை.

அப்பா அதைப் பற்றிப் பேசியது ஒருமுறைதான். "சுரங்கத்துலருந்து மேல வந்தா உடம்பத் தடவிப் பாப்பாங்க. வீட்டுக்குள்ள யாரும் வந்ததில்ல." சொல்லிவிட்டு மாத்திரையைத் தேடினார்.

அடக்கத்தன்று ஓனர் ரோஜா மாலையோடு வந்தார். பெட்டிக்கு அருகில் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார். "அந்த இருமல்மா. மாசாமாசம் கேட்டேன். நானே கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கணும்." அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவரை வெறுப்பதுகூடச் சுலபமாக இல்லை. அவருக்குப் பின்னால், கூட்டத்தில், அப்பா. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, முகம் சிவக்க, இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். தன் இருமலைச் சுமந்தவளின் பெட்டிக்கு முன்னால் அவரால் இரும முடியவில்லை.

அக்கா, உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தாங்க முடியாத ஒன்றை, மாதத்துக்கு ஒருமுறை, தாங்கக்கூடியதாக ஆக்கிக்கொண்டே இருந்தீர்கள். நாங்களும் அதிலேயே இருந்துவிட்டோம்.

உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். சத்தம் கேட்டால் ஆளைக் காட்டிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் வந்தார். கீழ் வீடு பூட்டியிருந்தது. சொந்தச் சாவியால் திறந்து பார்த்துவிட்டு, ஸ்டெல்லா வீட்டுக்குப் போனார். அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். உட்காரச் சொன்னேன். படியில் காலடி கேட்டதும், மணி அடிக்குமுன் கதவை முழுதாகத் திறந்தேன்.

"இவர் என் அப்பா" என்றேன். "அந்த இருமல் இவருடையது."