உருளிக்குள் ஒரு ஹெட்ஃபோன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் ஹெட்ஃபோனை ஒரு வெண்கல உருளிக்குள் போட்டுவிட்டார்கள்.

கை தவறி விழவில்லை. யோசித்து, இடம் பார்த்து, பத்திரமாகத்தான் வைத்தார்கள். அதனால்தான் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விஷயம் இதுதான். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் நான் குடியிருப்பது ராமசாமிக் கவுண்டர் வீட்டின் பின் போர்ஷனில். நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் மகள் வசந்தா, பி.ஏ. கடைசிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். தேறினால் பி.எட். சேரலாம். தேறாவிட்டால் வைகாசியில் பொள்ளாச்சி மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். கவுண்டரே வைத்த கெடு.

இந்தப் பக்கம் என் ரெக்கார்ட் பிளேயர். சாயங்காலம் அது கொஞ்ச நேரமாவது சுழலாவிட்டால் எனக்கு எழுத வராது. பரீட்சை முடிகிறவரை பாட்டுச் சத்தம் வேண்டாமே என்று வசந்தா கேட்டுக்கொண்டாள். நியாயம்தானே? பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிறவரிடம் ஒரு ஹெட்ஃபோன் வாங்கி பிளேயரில் மாட்டினேன்.

அங்கே ஆரம்பித்தது வினை. பாட்டு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வீணை கொசு மாதிரி... மிருதங்கம் இருப்பதாக ரெக்கார்டின் உறை சொன்னது, காது சொல்லவில்லை.

பாலக்காட்டில் ரேடியோ கடை வைத்திருக்கும் காசிம் ராவுத்தரிடம் போனேன். இரண்டு வழி சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல ஹெட்ஃபோனாக வாங்கலாம். அல்லது இருப்பதையே வைத்துக்கொண்டு, இடையில் மாட்ட ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை அவரே செய்து தருவார்.

"சாரே, தலையில மாட்டறத மாத்தினா பாட்டு தெளியும். பெட்டி வெச்சா சத்தம் கூடும். உங்களுக்கு எது குறையுது?"

இரண்டும்தான் குறைகிறது. இரண்டையும் வாங்கச் சம்பளம் இடம் தராது. நண்பர்களைக் கேட்டேன். ஆம்ப்ளிஃபயர்தான் என்றார் ஒருவர் — அவரிடம் ரெக்கார்ட் பிளேயரே கிடையாது. நல்ல ஹெட்ஃபோன்தான் என்றார் இன்னொருவர் — அவர் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒன்று கொண்டுவந்து, விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அபிப்பிராயம் சொல்வதில் மட்டும் யாருக்கும் தயக்கமே இருப்பதில்லை.

இந்தக் குழப்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது கவுண்டர் உள்ளே வந்தார். இந்தப் பக்கங்களில் சாப்பிடும்போது ஆள் வந்தால் இன்னொரு இலை போட்டாக வேண்டும். பாட்டுக்கும் அதே சட்டம்தான் என்பது அன்று தெரிந்தது.

"ஏனுங்க, ஊட்டுக்கு ஆள் வந்திருக்கறப்ப நீங்க மட்டும் தனியாக் கேக்கறது நல்லா இருக்குதுங்களா?"

கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக் கேட்டார். சிரித்தார். தோப்பில் நின்ற தம்பியைக் கூப்பிட்டார். தம்பி பங்காளிகளைக் கூப்பிட்டார். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்க வேண்டாமா? வழியையும் கவுண்டரே கண்டுபிடித்தார். பாயசம் காய்ச்சும் உருளியைக் கொண்டுவரச் சொல்லி, நடுவில் ஹெட்ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

சும்மா சொல்லக் கூடாது — வெண்கலத்தில் பட்டுப் பாட்டு வெளியே வந்தது. ஆனால் குனிந்தால்தான் கேட்டது. குனிகிறவர்கள் பேசாமல் குனிவார்களா? கேட்கிறதா என்று ஒருவர், தலையை நகர்த்து என்று ஒருவர், என்ன ராகம் என்று ஒருவர்... ஸ்பீக்கரிலேயே போட்டிருந்தால் இதில் பாதிச் சத்தம்கூட வந்திருக்காது.

ராவுத்தர் சொன்ன இரண்டு வழியையும் என்னிடம் முன்பே கேட்டிருந்த கவுண்டர் நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார். "சத்தம் பத்தலைங்க. அந்தப் பெட்டியச் செஞ்சு போட்ருங்க."

மகளுக்குக் கெடு வைத்தவரும் இவர்தான். மகள் படிக்கிற தடுப்புக்குப் பக்கத்தில் கச்சேரி வைத்தவரும் இவர்தான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

தடுப்பிலிருந்த கதவு திறந்தது. வசந்தா வந்தாள். அப்பாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. உருளிக்குள் கையை விட்டு ஹெட்ஃபோனை எடுத்தாள். பிளேயரிலிருந்து அதன் வயரை உருவினாள்.

"இத எனக்குக் குடுத்துருங்ணா."

"பாட்டு கேட்கவா?"

"இல்லீங்ணா. ஒண்ணும் கேக்காம இருக்க."

தலையில் மாட்டிக்கொண்டு, வயர் தரையில் இழுபட, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பங்காளிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கவுண்டர் வெற்று உருளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வசந்தாவின் காது மடல்கள் இரண்டும் சிவந்திருந்தன. பட்டாளத்துச் சாமான் அல்லவா? மெத்தை கிடையாது, காதை நெருக்கிப் பிடிக்கும். ஆனால் பல நாளாக இழுத்துக்கொண்டிருந்த பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டாளாம்.

அன்றே பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். காதை முழுக்க மூடுகிற, கனமான மெத்தை வைத்த புது ஹெட்ஃபோனை எடுக்கச் சொன்னேன். அத்தனை நாள் தீராத குழப்பம் கடை வாசலிலேயே தீர்ந்துபோயிற்று. எந்த செட்டில் மாட்டப் போகிறீர்கள் என்று ராவுத்தர் கேட்டார். எதிலும் இல்லை, கவுண்டர் கண்ணில் பட்டாலும் ஆபத்தில்லாதபடி வயரை ஒட்ட வெட்டிக் கொடுங்கள் என்றேன்.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர், அதைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டு, எனக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தார்.