உடையாமல் இருந்த கண்ணாடிக் கூடைகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் பரவிய வருடம் அது. நாங்கள் அப்போது கம்பத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஏலக்காய் வியாபாரம். மலையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு ஏலத்தில் என் கணவர் எனக்கு ஒரு கண்ணாடிக் கூடை எடுத்து வந்தார். ரோஜா நிறம். விளிம்பெல்லாம் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு. மேலே முறுக்கிவிட்ட கண்ணாடிக் கைப்பிடி.

அன்று பிடித்த பைத்தியம் எனக்கு. அவர் மலைக்குப் போகும்போதெல்லாம் சொல்லி அனுப்புவேன். பச்சை, நீலம் என்று பல நிறத்தில் கூடைகளும் அகலக் கிண்ணங்களுமாக ஜன்னலோரப் பலகை நிறைந்துவிட்டது. கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மல்லிகையை மிதக்கவிடுவேன். பொங்கலுக்குக் கூடைகளில் செவ்வந்தி. காலை வெயில் பட்டால் சுவரெல்லாம் நிறம். என் மகளுக்கு ஆறு வயது. அந்த நிறத்துக்குள் கையை நீட்டி, "ஆத்தா, என் கை பச்சையாயிருச்சு" என்பாள்.

எங்கள் தெருவில் எலிகள் செத்து விழ ஆரம்பித்ததும், ஊரே வீடுகளைப் பூட்டிவிட்டுத் தோட்டங்களில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு போனது. கூடையையும் எடுத்துப் போகலாம் என்று மகள் அழுதாள். "சீக்கிரம் வந்துருவோம்ல" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

குடிசையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் கட்டி. அதைப் பார்த்ததும் பக்கத்துக் குடிசைக்காரர்கள் ஓலையைப் பிரித்துக்கொண்டு தூரமாகப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஓலை இடுக்கில் விழுந்த வெயிலில் அவள் கையை நீட்டி, "நெறமே விழுகலையே ஆத்தா" என்று முனகினாள். அதற்குப் பிறகு பேசவில்லை. தூக்க ஆள் வராததால், என் கணவரே அவளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நோய் அடங்கி வீடு திரும்பினோம். நோய்க்கிருமி சாக வெயில் படட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்திருந்தார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு. மகளின் பாய், பாவாடை, மரப்பாச்சி எதையும் காணோம். "சுகாதார ஆளுக வந்து எல்லாத்தையும் எரிச்சுட்டாகளாம்" என்றார் என் கணவர். அவளுடையது என்று ஒரு நூல்கூட மிஞ்சவில்லை. ஆனால் பலகையில் கண்ணாடிகள் அத்தனையும் கீறல் விழாமல் நின்றன. திறந்த கூரை வழியே வெயில் இறங்கி, முன்னைவிட அதிகமாகச் சுவரில் நிறம் கொட்டிக் கிடந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. விறகுக் கட்டையை எடுத்து ஒன்றுவிடாமல் அடித்து நொறுக்கினேன். வாசலில் நின்ற என் கணவர் தடுக்கவில்லை. நொறுக்கி முடித்தபோது நெஞ்சில் துளி பாரமும் குறைந்திருக்கவில்லை. அந்தச் சில்லுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக்காரி வந்தாள். சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் சண்டை போட்டு, வருஷக்கணக்காக எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவளுடைய மகன்கள் இருவரையும் அதே நோய் கொண்டுபோயிருந்தது. என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். திரும்பிப் போய் விளக்குமாறும் முறமும் எடுத்து வந்தாள்.

"காலத் தூக்குடி" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

கூட்டி அள்ளினாள். பொடிச் சில்லுக்கு ஈரத் துணியால் தரையை ஒற்றி எடுத்தாள். பிறகு என் பாதத்தை மடியில் வைத்து, தைத்திருந்த சில்லைப் பிடுங்கி, ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். இருவருமே அழவில்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சில மாதங்களில் அந்தக் குடும்பம் தேவாரம் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டது; அப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை.

பிள்ளை போன துக்கம் இன்றுவரை எள்ளளவும் குறையவில்லை, குறையும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் சாவு விழுந்த வீட்டுக்குப் போனால், ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை; அங்கே கையால் செய்ய ஏதாவது ஒரு வேலை கிடக்கும், அதைச் செய்துவிட்டு வந்துவிடுகிறேன்.