குழந்தைவேல் அண்ணனின் மின்சார ரயில்

குழந்தைவேல் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எங்கள் மன்னவனூருக்குச் சேதி வந்தபோது காலை பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. நாயுடுபுரத்தில் மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். கடைசியாக முகத்தைப் பார்க்கக் கிடைக்காதோ என்று என் மகள் பொன்னுத்தாயி, கைக்குழந்தையோடு ரோட்டில் நின்று கண் கலங்கினாள். எனக்கு மட்டும் அவருடைய பேச்சுதான் வாயில் வந்தது: “வண்டி போனாப் போகட்டும். பின்னாலயே ஒண்ணு வரும்.”

நாயுடுபுரத்துக்காரர்களே, உங்களுக்கெல்லாம் அவர் வேலை முடிந்து ஊர் திரும்பி, பிளம்ஸ் மரத்தடியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ஆனாலும் மெட்ராஸ் மின்சார ரயிலில் கார்டாக நின்ற அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

பொன்னுத்தாயிக்கு அப்போது நாலு வயது. சைதாப்பேட்டையில் என் நாத்தனாரைப் பார்க்கப் போனோம். எழும்பூரில் மின்சார ரயில் வந்தது. புகையில்லை, கரியில்லை, மேலே கம்பியை உரசிக்கொண்டு வந்து நின்றது. பெட்டி பெட்டியாக ஜனம் இறங்கியது, ஏறியது. நம் மலை பஸ்ஸில் என்ன செய்வோம்? பிள்ளையை முதலில் ஏற்றி சீட்டில் உட்கார வைத்து இடம் பிடிப்போம். பிறகு சாவகாசமாக மூட்டைகளை மேலே போடுவோம். கடைசி மூட்டை ஏறும்வரை டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கத்தில் நான் பொன்னுத்தாயியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரோடு பூண்டு மூட்டைக்குக் கை கொடுக்கத் திரும்பினேன். ரயில் நகர்ந்துவிட்டது.

மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். “பிள்ளை உள்ள கெடக்குய்யா” என்று கத்தினது நினைவிருக்கிறது. கடைசிப் பெட்டி என்னைத் தாண்டும்போது அதில் கொடியோடு நின்றவர் எட்டிப் பார்த்தார். மெட்ராஸ் பேச்சை எதிர்பார்த்தவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு கேட்டது.

“அழுகாத தாயி. அடுத்த டேசன்ல பிள்ளைய இறக்கி வைக்கேன். பின்னாலயே ஒண்ணு வரும், வெரசா ஏறி வா.”

நிறுத்தாமல் போகிறானே பாவி என்று அப்போது அவரைச் சபித்தேன். நடு வழியில் நிறுத்தினால் கதவில்லாத பெட்டியிலிருந்து பிள்ளை என்னைத் தேடித் தண்டவாளத்தில் இறங்கிவிடும் என்று அவர் நினைத்ததைப் பிறகுதான் சொன்னார். அவர் சொன்னபடியே பின்னால் ஒரு வண்டி வந்தது. இந்த முறை மூட்டையை விட்டுவிட்டு ஏறினோம்.

அடுத்த ஸ்டேஷனில் பொன்னுத்தாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மடியில் ஒரு பித்தளைத் தூக்குச் சட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். அது அண்ணனின் மதியச் சோறு. “இதை யார்கிட்டயும் குடுக்கப்படாது, ஆத்தா வர்றவரைக்கும் நீதான் காவல்” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியோடு போய்விட்டாராம். பக்கத்தில் காவலுக்கு நின்ற போர்ட்டர் சிரித்தார். அவர் தொட வந்தாலும் கடித்துவிடுவேன் என்றாளாம். இடத்தைவிட்டு அசையாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது பஸ்ஸில் இடம் பிடித்துப் பழகிய நம் மலைப் பிள்ளைக்குத் தெரியும் என்று, நான் கத்தின பேச்சை வைத்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவருடைய வண்டி தாம்பரம் போய்த் திரும்பும்வரை அங்கேயே காத்திருந்தோம். வந்ததும் தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டு, “ஏலே, சோறு ஊசிப்போச்சுன்னா உன்னையத்தான் பிடிப்பேன்” என்று அவளை மிரட்டினார். “எந்த ஊரு தாயி?” என்று அப்போதுதான் என்னைக் கேட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அண்ணன் ஆனார். பூண்டு மூட்டை எழும்பூரில் போனது போனதுதான். பல வருஷம் கழித்து, பொன்னுத்தாயி கல்யாணப் பந்தியில் ரசத்தைக் குடித்துவிட்டு, “பூண்டு கம்மியா இருக்கே, எழும்பூர்ல தேடிப் பார்த்தீகளா?” என்றார்.

சாவுச் சேதி கேட்டு ரோட்டில் நின்ற எங்களுக்கு அன்றும் பின்னாலேயே ஒன்று வந்தது. உருளைக்கிழங்கு லாரி. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நோய் நொடி என்று படுத்துக் கஷ்டப்படாத முகம். தூக்கம் கலையாத மாதிரியே இருந்தது. பார்த்ததும் என் மனசுப் பாரம் இறங்கியது.

அவருடைய ரயிலிலிருந்து எங்களிடம் தங்கியது இந்த ஒரு வழக்கம்தான்: பிள்ளையைத் தனியாக முதலில் ஏற்றுவதில்லை. அன்று லாரியில் ஏறும்போதும் டிரைவர், “பிள்ளைய முதல்ல குடுங்கத்தா” என்று கை நீட்டினார். பொன்னுத்தாயி கொடுக்கவில்லை. பை ஏறியது, நான் ஏறினேன், அவள் ஏறினாள். என் பேத்தி அவள் இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை.