ஐந்தாம் மாதத்துக் காய்ச்சல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் நாகவல்லிக்கு ஒன்பது வருடமாக ஒரே வேலை. விளக்குக்கு அடியில் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கீறல் இருந்தால் ஒதுக்குவாள். அதோடு முடியாது. எந்த மிஷினில், எந்த ஷிப்டில், எத்தனை மணிக்கு அது கெட்டது என்று தேடி எழுத வேண்டும். அவள் பிடித்த மணி தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார்.

அதே கண்ணை அவள் தன் வயிற்றின் மேலும் திருப்பிவிட்டாள். மகன் சரணுக்கு ஆறு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். எந்த மணியில் கெட்டது? தேடித் தேடிக் கடைசியில் நாலு நாளைப் பிடித்தாள். சரண் வயிற்றில் இருந்த ஐந்தாம் மாதம். உடம்பு கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சலில் கிடந்த நாலு நாள்.

மறுத்துச் சொல்ல பருத்திப்பட்டு வீட்டில் யாரும் இல்லை. புருஷன் கஜபதியின் அக்கா தாயம்மாள், தாய் தகப்பன் போன பின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அடிக்கடி சொல்வாள்: "காய்ச்சல்ல கெடந்தவ கதவத் தொறந்து வெச்சா, காத்துக் கருப்பு உள்ள வராம இன்னா பண்ணும்?" ஒரு பிள்ளை பேசவில்லை என்றால் தாய் என்ன தின்றாள், எங்கே போனாள் என்று விசாரிக்க இந்த ஊரில் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. தகப்பனை ஒருவரும் கேட்பதில்லை.

பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு சாமியாடி. கம்பியைக் காய்ச்சி முதுகில் ஒரே இழுப்பு, உள்ளே இருப்பது ஓடிவிடும் என்றான். கஜபதி வெள்ளிக்கிழமைக்குப் பேசி முடித்திருந்தான். நாகவல்லி தலையை ஆட்டினாள். தப்புச் செய்தவள் எந்த வாயால் மறுப்பாள்?

அதற்கு முதல் நாள் வியாழன், ஆடி அமாவாசை. படையல் போட்டு முடித்த நேரத்தில் கவிப்பிரியா வந்தாள். கர்ப்பகால நோய்களுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் குழுவுக்காக வீடு வீடாகத் தகவல் எடுப்பவள்.

அவள் கேட்பதற்கு முன்பே நாகவல்லி சொன்னாள். "அஞ்சாம் மாசம் காய்ச்சல். என்னாலதான்னு எழுதிக்கோம்மா."

"அதுக்கு இதுல கட்டம் கிடையாதுக்கா." கவிப்பிரியா கையிலிருந்த டேப்லெட்டைக் கீழே வைத்தாள். "வெளிநாட்ல பத்து லட்சம் புள்ளைங்களுக்கு மேல வெச்சுப் பாத்தாங்க. கர்ப்பத்துல வர்ற நோவும் ஆட்டிசமும் பல இடத்துல சேந்து வருதுதான். ஆனா அப்பாவுக்கு நோவு இருந்தாலும் அதே மாதிரி சேந்து வருது."

"அவருக்கு இன்னா, மசக்கையா?"

கவிப்பிரியா சிரித்துவிட்டாள். "அதான்க்கா. அப்போ விஷயம் வயித்துல இல்ல, பெரும்பாலும் குடும்ப ரத்தத்துல. முழுசாத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்ல மாட்டேன், இன்னும் பாத்துகினுதான் கீறோம். அதனாலதான் ரெண்டு பக்கத்துச் சொந்தத்தையும் வரையச் சொல்றாங்க."

காகிதத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். தாயம்மாள் வேண்டாவெறுப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா செத்துட்டார், அம்மா செத்துட்டாங்க, நான், கஜா. வேற யாரும் இல்ல.

"செத்தவங்க ரெண்டு பேர்னா, இலை மூணு கீதே?" என்றாள் கவிப்பிரியா.

தாயம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். மூன்றாவது இலையில் குழம்பு இல்லை, வடை இல்லை. வெறும் வெள்ளைச் சோறு, உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி வைத்தது. ஏழு வருடமாக நாகவல்லி பார்க்கும் இலை. பொதுவாக வைப்பது என்று சொல்லியிருந்தார்கள். இன்றுதான் அவள் கண் அந்த இலையிலிருந்து சரணின் தட்டுக்குப் போனது. வெள்ளைச் சோறு. தட்டையாக அழுத்தி.

"அக்கா, இது யாருக்கு?" என்று தாயம்மாளிடம் கேட்டாள்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பூட்டிய பின்னறையின் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு சரண் முனகினான். ஒரே சுருதி, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முன்பக்கத்தை இடித்து மாடி கட்டியபோதும் அந்த அறையைத் தொடக் கூடாது என்று தாயம்மாள் பூட்டிவைத்திருந்தாள். இப்போது அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"எங்க வேம்புலி. எனக்கு அடுத்தவன். பேச மாட்டான். வெறும் சோறுதான், அதையும் இப்டி அழுத்திதான் துன்னுவான். அம்மா உள்ள போட்டுப் பூட்டிச்சு. பதினோரு வயசுல சூடு வெச்சாங்க. கரண்டியக் காய வெச்சுக் குடுத்தது நானு. எனக்குப் பதினாலு, கஜா கைக்கொழந்த. புண்ணு சீழ் புடிச்சு எட்டாம் நாள் போய்ட்டான்." காதிலிருந்து கையை எடுத்தாள். "அவன் அந்தப் பக்கம் இப்டியே முனகிகினு நின்னான், வல்லி. இவன் இந்தப் பக்கம் நிக்கிறான். என்னத் தேடிகினு வந்துட்டான்."

நாகவல்லிக்கும் அந்தப் பயம் தொற்றியது. எழுந்து போய் மகன் பக்கத்தில் நின்று உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். சுவர் நடுங்கியது. உயிருள்ள ஒன்றின் முதுகைத் தொட்டதுபோல் இருந்தது. கையை எடுக்காமல் நின்றாள். சற்று நேரத்தில் அடுத்த வீட்டுத் தண்ணி மோட்டார் நின்றது. சுவரும் நின்றது. சரணும் நிறுத்தினான்.

பயம் போகவில்லை, இடம் மாறியது. செத்த பிள்ளையால் ஒன்றும் ஆகாது. அவன் கரண்டி பிடிக்க மாட்டான். அடுப்பு மூட்டியவர்கள் பெற்றவளும் கூடப்பிறந்தவளும். நாளைக்கு வண்டி எடுப்பவன் இவனைப் பெற்றவன். பிள்ளையைக் கிளப்பி அனுப்ப இருந்தது அவளே.

கவிப்பிரியா ஒரு கட்டம் வரைந்து பெயர் எழுதினாள். "இப்டிப் பொறந்தது யாரு தப்பும் இல்லம்மா," என்று தாயம்மாளிடம் சொன்னாள். சூட்டைப் பற்றி அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் கஜபதி வந்தான். "பையன் துணியெல்லாம் எடுத்து வெச்சியா? விடிகாலைல கெளம்பணும்."

"அவன் எங்கியும் வர்ல."

"இன்னாடி, தலைய ஆட்டிட்டு இப்ப—"

"கஜா," என்றாள் தாயம்மாள். "உனக்கு ஒரு அண்ணன் இருந்தான்."

சொல்லி முடிக்கும்வரை அவன் நின்றபடியே கேட்டான். பிறகு தரையில் உட்கார்ந்தான். அவன் போன் அடித்தது. சாமியாடி. எடுக்காமல் விட்டான். மறுபடி அடித்தது. நாகவல்லி எடுத்தாள்.

"நாளைக்கு வர்லிங்க. நாளன்னிக்கும் வர்ல."

அந்தப் பக்கம் குரல் தணிந்து, காதுக்குள் வந்து ஊதுவதுபோல் பேசியது. "வரலேன்னா உள்ள கீறது உன்னத் தேடுமே, தாயி."

"தேடட்டும்," என்றாள். "ஊட்லதான் கீறேன்."