ஒரே லோஞ்சில் போன வழக்கு

அறுபதுகளின் கடைசியில் நெடுந்தீவில் நடந்தது இது. மார்கழி மழைக்கு எங்கள் காணிக்கும் பக்கத்துக் காணிக்கும் நடுவே இருந்த கல்வேலி சரிந்து விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் வேலி விழுந்தால் இரண்டு வீட்டாரும் கூடி நின்றுதான் கல் அடுக்குவார்கள். அப்போதுதான் எல்லை நகர்ந்துவிட்டதென்று பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, எல்லாவற்றிலும் அவசரம். மாடுகள் வந்து பயிரைத் தின்கின்றனவே என்று தனியாகவே அடுக்கி முடித்துவிட்டேன்.

அடுத்த நாளே பக்கத்து வீட்டு அண்ணை பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். வேலியை இரண்டு முழம் அவருடைய பக்கம் தள்ளிக் கட்டினேனாம். கேட்க வந்தவரைக் கத்தி காட்டி வெட்டுவேன் என்றேனாம். அன்று அவர் என்னிடம் வரவேயில்லை!

வழக்கு ஊர்காவற்துறை நீதிமன்றத்துக்குப் போனது. எனக்கு அரசாங்கத்தில் கிளாக்கராக, எழுத்து வேலைக்கு, நியமனம் வரவிருந்த நேரம். வழக்கு முடியாமல் நியமனம் இல்லை என்றுவிட்டார்கள். பொய் சொன்னவரை விடக்கூடாது என்று கொதித்துக்கொண்டு, வழக்குப் பேசும் ஒரு புறக்டரிடம் போனேன்.

"பொய் முறைப்பாடு குடுக்கிறதும் குற்றம்தான். அதுக்கு அவர்மேல நடவடிக்கை எடுக்கலாம், நட்டஈடு கேட்டும் வழக்குப் போடலாம். ஆனா முதல்ல நீர் இதில இருந்து வெளிய வரவேணும்" என்றார்.

வெளியே வர எட்டு மாதம் ஆனது. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கடல் கடக்க மோட்டார்ப் படகான லோஞ்சில் ஏறி, பிறகு பஸ் ஏறிப் போகவேண்டும். காலையில் இருந்தது ஒரே லோஞ்ச். குற்றஞ்சாட்டியவரும் நானும் முழங்கால் இடிக்க எதிரெதிரே இருந்துதான் போனோம். போனால் தவணையைத் தள்ளிவைப்பார்கள். திரும்பவும் அதே லோஞ்ச். சோழகக் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் அவர் குடலைப் பிரட்டிச் சத்தி எடுப்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் நானும் எடுத்தேன்.

கடைசியில், கத்தியைக் கண்டதாக அவர் கூட்டிவந்த சாட்சி, அன்றைக்குத் தான் யாழ்ப்பாணத்தில் நின்றதாக வாய் தவறிச் சொல்லிவிட்டான். என்னை விடுதலை செய்தார்கள். ஆனால் நியமனம் அதற்கு முன்பே வேறொருவருக்குப் போய்விட்டது.

"இனி நீர் போடலாம்" என்றார் புறக்டர்.

"எத்தனை தவணை போகும், ஐயா?"

"அதைச் சொல்ல ஏலாது தம்பி. ரெண்டு மூண்டு வருசமும் இழுபடும்."

அன்று திரும்பும்போதும் அண்ணை எனக்கு எதிரேதான். கரை தெரியத் தொடங்கியதும், கடலைப் பார்த்தபடியே, "தம்பி, வேலி திரும்பவும் சரிஞ்சு கிடக்கு. எப்ப வாறீர்?" என்றார். ஒரு வெட்கம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். ஆனால் வாயில் வந்தது, "நாளைக்குக் காலமை வாறன், அண்ணை" என்பதுதான்.

நான் வழக்குப் போடவில்லை. பெரிய மனசுக்காரன் என்று ஊர் இன்றைக்கும் என்னைப் புகழ்கிறது. மன்னித்து விடவில்லை, களைத்துப்போய்த்தான் விட்டேன் என்பதை இவ்வளவு காலமும் ஒருவரிடமும் சொல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்ததுதான், யோசித்துப் பார்த்தால், அந்த வழக்கில் என் பங்குக்கு நான் சொன்ன பொய்.