சுவரில் மாட்டிய குப்பூஸ்

இந்த ஊரில் சாப்பாட்டைச் சுவரில் மாட்டுகிறார்கள். ஷார்ஜாவில் நான் ஏசி மராமத்து பார்க்கிற ஆர்ட் கேலரியைச் சொல்கிறேன். ஒரு அறை முழுக்கக் கடித்து வைத்த ரொட்டிகளின் படங்கள், அடுத்த அறையில் பாதி குடித்த டீ கிளாஸ்கள். வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரகாரம் சுற்றுவது மாதிரி சுற்றுகிறார்கள். பசியோடு ஏணியில் நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் பக்கம் சாப்பிடுகிறவன் தட்டை யாராவது உற்றுப் பார்த்தால் கண் படும் என்று திரும்பி உட்காருவோம்.

இரண்டு மாதம் முன்பு ஒரு வெள்ளைக்கார போட்டோக்கார அம்மா வந்தார். வேலைக்காரர்களின் மதியச் சாப்பாட்டைப் படம் பிடிக்கப் போகிறாராம். என்னையும் என் அறையில் இருக்கும் அறந்தாங்கி சேகரையும் டப்பாவோடு வரச் சொன்னார். ஒருவர் நம் சோற்றைப் பார்க்க வருகிறார் என்றால் சும்மா விடுவோமா? கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு கணக்கு எடுக்க வந்தவர் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் கேட்டார் என்பதற்காக, என் அம்மா பக்கத்து வீட்டில் முட்டை கைமாற்று வாங்கிப் பொரித்துப் போட்டார். நாங்கள் அந்த வளர்ப்பு. விடியுமுன் எழுந்து மட்டன் குழம்பு வைத்து, முட்டை அவித்து, டப்பா நிறைய எடுத்துப் போனோம்.

திறந்ததும் அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இது வேண்டாம், உண்மையானது வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மேடம், ரியல் மட்டன்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"விடுங்கண்ணே, நாம இல்லாதப்பட்டவங்களா தெரியணுமாம்" என்றான் சேகர்.

மறுநாள் வழக்கமான டப்பாவைக் கொண்டுபோனேன். இரண்டு குப்பூஸ் ரொட்டி, தண்ணீர்ப் பருப்பு, அரை வெங்காயம். அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். படத்தை மாட்டச் சம்மதம் என்று அவர் நீட்டிய பேப்பரில் கையெழுத்தும் போட்டேன். இரண்டாம் தடவை கேட்டால் மறுக்கத் தெரியாத வாய் எனக்கு.

சில வாரத்தில் அந்த டப்பாவின் படம் கேலரிச் சுவரில் கதவு உயரத்துக்குத் தொங்கியது. கீழே என் பெயர், ஊர், 'தினசரி உணவு' என்று மூன்று மொழியில். ஆறு வருஷமாக என் மனைவி மலரிடம் தினமும் போனில், "இன்னைக்கு மீன் கொழம்பு, வயிறு முட்டிருச்சு" என்று சொல்லி வருகிறவன் நான். மகள் படிப்புக்காக வாயைக் கட்டுகிறேன் என்று தெரிந்தால் திரும்பி வரச் சொல்லிவிடுவாளே என்ற பயம். சேகர் பெருமை தாங்காமல் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். அவன் நம்பர் அவளிடமும் இருக்கிறது.

அன்று சாயங்காலமே கூப்பிட்டாள்.

"இதானா உங்க மீன் கொழம்பு?"

"அது படத்துக்காக வச்சது மலரு, சும்மா."

"படத்துக்கு வைக்கிறவங்க நல்லதத்தானே வைப்பாங்க?"

மாட்டிக்கொண்டேன். நம் வீட்டு வழக்கம் அவளுக்குத் தெரியாதா?

"ஊரு பேரு தெரியாதவங்கெல்லாம் டிக்கெட் எடுத்துப் பாத்திருக்காங்க. நான் மட்டுந்தான் இத்தனை வருசமா பாக்கல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

அந்த போட்டோக்கார அம்மா மேல் கோபம். அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். சேகர் மேலும் கோபம், என் புளுகு வாய் மேல் அதைவிடக் கோபம். இப்போது தினமும் மதியம் வீடியோ காலில் டப்பாவைக் காட்ட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, நான் உட்காரும்வரை அவள் சாப்பிடுவதில்லை. எனக்கு ஒரு மணி என்றால் அங்கே இரண்டரை. திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். "நீங்க திங்கிறப்ப நானும் திங்கிறேன், அம்புட்டுத்தான்" என்கிறாள்.

நேற்று கேலரியில் ஒரு ஏசி மெஷின் நின்றுபோய், இறங்கிக் கை கழுவ மூன்று மணி ஆகிவிட்டது. போன் போட்டேன். கீரமங்கலத்தில் வெயில் சாய்ந்திருந்தது. மலர் முன்னால் தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது.

"முதல்ல நீங்க தொறங்க" என்றாள்.

நான் டப்பாவைத் திறந்த பிறகுதான் அவள் தன் தட்டின் மூடியை எடுத்தாள். இரண்டு பக்கமும் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.